தாடைக்குக் கீழே நீர் கோத்த பசு: வீக்கத்தைக் கீறாதீர்கள், சாணத்தைப் பாருங்கள்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறோம். எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு மூன்றாவது கன்று போட்டு இரண்டரை மாதம் ஆகிறது. பத்து நாளாகத் தாடைக்குக் கீழே உப்பித் தொங்குகிறது. சாயங்காலம் பெரிதாகத் தெரிகிறது, காலையில் சற்றுக் குறைகிறது. சாணம் இளகிப் போகிறது, பால் பாதியாகிவிட்டது. காய்ச்சல் இல்லை, தீனி எடுக்கிறது. மருந்துக் கடையில் ஃபென்பெண்டசோல் மாத்திரை வாங்கிக் கொடுத்தும் பலன் இல்லை. கீறி நீரை வெளியேற்றிவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்வது?

பதில்: கீறாதீர்கள், சூடும் போடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்த வீக்கத்துக்குள் சீழ் இருக்க வாய்ப்பில்லை. இரத்தக் குழாயிலிருந்து கசிந்த நீர்தான் அங்கே தேங்கியிருக்க வேண்டும். கீறினால் கொஞ்சம் வடியும், பிறகு மறுபடியும் ஊறும். காயத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்தால் ஏற்கெனவே தளர்ந்த மாட்டுக்கு இன்னொரு நோயையும் சேர்த்ததாகிவிடும்.

முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். வீக்கத்தின் நடுவில் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்தி எடுங்கள். பிசைந்த மாவில் விரல் பதிந்தது போலக் குழி அப்படியே நிற்கிறதா? தொட்டால் சூடு இல்லையா, மாடு வலியில் தலையை இழுக்காமல் நிற்கிறதா? அப்படியானால் அது நீர்க்கோர்வை. அடுத்து, கீழ் இமையை இழுத்துக் கண்ணின் உட்புறத்தைப் பாருங்கள். நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறி இருந்தால் இரத்தசோகையும் சேர்ந்திருக்கிறது.

டெல்டாப் பகுதியில் இந்த அடையாளங்களோடு வரும் பசுவுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது தட்டைப்புழுவைத்தான். கல்லீரல் தட்டைப்புழு பித்தக் குழாய்க்குள் இருந்துகொண்டு இரத்தத்தை இழக்க வைக்கும், கல்லீரலையும் சிதைக்கும். இரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம்தான் நீரைக் குழாய்க்குள் பிடித்து வைத்திருக்கிறது. அதைத் தயாரிப்பது கல்லீரல். புரதம் குறைந்தால் நீர் கசிந்து தாழ்வான இடத்தில் இறங்கும். பகல் முழுவதும் தலையைக் குனிந்து மேய்கிற மாட்டுக்குத் தாடைதான் தாழ்வான இடம். சாயங்காலம் பெரிதாகவும் காலையில் சிறிதாகவும் தெரிவது அதனால்தான். இரைப்பையில் வாழும் இன்னொரு வகைத் தட்டைப்புழுவின் குஞ்சுகள் சிறுகுடலில் இருக்கும்போது நாற்றமடிக்கும் கழிச்சலோடு இதே வீக்கத்தைக் கொடுக்கும்.

உங்கள் மருந்து ஏன் பலிக்கவில்லை என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. ஃபென்பெண்டசோல் நல்ல மருந்துதான், ஆனால் அது உருண்டைப்புழுவுக்கு. வழக்கமான அளவில் கொடுத்தால் மாட்டின் தட்டைப்புழுவை அது ஒன்றும் செய்யாது. ஐவர்மெக்டின் ஊசியும் அப்படியே. “பூச்சி மருந்து கொடுத்தாச்சு” என்று சொல்லும் விவசாயியிடம் எந்தப் பூச்சிக்கு என்று நான் கேட்காமல் விடுவதில்லை. இந்த ஒரு குழப்பத்தால் வாரக்கணக்கில் காலம் வீணாகி, காப்பாற்றியிருக்கக்கூடிய மாடுகள் படுத்துவிடுகின்றன.

சாணப் பரிசோதனை அவசியம். புதிதாகப் போட்ட சாணத்தின் மேற்பகுதியிலிருந்து ஒரு சிறு டப்பா நிறைய எடுத்து, அன்றைக்கே கால்நடை மருந்தகத்திலோ மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ கொடுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம் என்றால் அங்கேயும் கொண்டுபோகலாம். கொடுக்கும்போது “தட்டைப்புழு முட்டை பார்க்க வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். இந்த முட்டை கனமானது, நீரில் அடியில் படியும். அதனால் படிய வைத்துப் பார்க்கும் முறைதான் இதற்கு ஏற்றது. முட்டை தெரியவில்லை என்றால் புழுவே இல்லை என்றும் ஆகிவிடாது. இளம்புழு முட்டையிடாது. கல்லீரல் தட்டைப்புழு உடலில் புகுந்து முட்டையிட மூன்று மாதம் வரையோ அதற்கு மேலோ ஆகும். அறிகுறிகள் பொருந்தி முட்டை மட்டும் தென்படாவிட்டால், மேய்ச்சல் நிலத்தைக் கணக்கில் வைத்து மருத்துவர் முடிவெடுப்பார்.

தட்டைப்புழுவுக்குக் கறவை மாட்டில் நம் பக்கம் பெரும்பாலும் பயன்படும் மருந்து ஆக்ஸிகுளோசனைடு. உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரைப்பைத் தட்டைப்புழு என்றால் கூடுதல் அளவும் மறுமுறை கொடுப்பதும் தேவைப்படும், அதை மருத்துவர் சொல்லட்டும். எடையைக் கண்ணளவில் குறைத்துப் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தையல் டேப் போதும்: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 65, நீளம் 55 என்றால் சுமார் 350 கிலோ. ஆக்ஸிகுளோசனைடு முதிர்ந்த புழுவைத்தான் நன்றாகக் கொல்லும். இளம்புழுவையும் கொல்லும் டிரைகிளாபெண்டசோல் பால் கறக்கும் மாட்டுக்கு ஏற்றதல்ல. பசுவுக்குச் சினை ஊசி போட்டாகிவிட்டதா? அப்படியானால் மறக்காமல் சொல்லுங்கள். இன்னொரு பூச்சி மருந்தான அல்பெண்டசோல் இளஞ்சினையில் கருவைக் கெடுக்கும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்பதையும் கேட்டறிந்து, அதன்பிறகே சொசைட்டிக்கு ஊற்றுங்கள்.

புழு செத்த மறுநாளே வீக்கம் வற்றாது. கல்லீரல் தேறிப் புரதம் ஏற வேண்டும், அதற்கு ஓரிரு வாரமாவது பிடிக்கும். இந்த நாட்களில் கடலைப் புண்ணாக்கு அல்லது பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தாது உப்புக் கலவையும் சேர்த்துக் கொடுங்கள். கல்லீரல் டானிக் கூடவே இருக்கலாம், அதை மட்டும் நம்பக் கூடாது. நீரை இறக்கும் ஊசி வேண்டும் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். வீக்கம் வடிந்தாலும் காரணம் உள்ளேயே இருக்கும்.

இனி, தட்டைப்புழு அல்லாத சில நிலைமைகள். திடீரென்று வந்து, தொட்டால் சுட்டு, வலித்து, 104 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் எச்சில் ஒழுகலும் மூச்சில் கரகர சத்தமும் இருந்தால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். ஒரே நாளில் உயிர் போகும். சாணம் எடுத்துக்கொண்டு அலையாமல் உடனே கால்நடை அவசர உதவி எண்ணான 1962க்கு அழையுங்கள், அந்த மாட்டுக்கு வாய் வழியாக எதையும் ஊற்றாதீர்கள். வீக்கம் அலைதாடி, நெஞ்சு வரை இறங்கி, கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்து, முழங்கைகளை விலக்கி வைத்துக்கொண்டு நிற்கும் மாடு கம்பியையோ ஆணியையோ விழுங்கி, அது இதயம் வரை குத்தியிருக்கக்கூடும். அதற்குப் பூச்சி மருந்தால் பயனில்லை. வீக்கம் தாடை எலும்போடு ஒட்டி அசையாமல் கல்லாக இருந்தால் எலும்பைத் தாக்கும் கிருமி. உண்ணி அதிகம் இருந்து, காய்ச்சலோடு தோளுக்கு முன்னாலுள்ள நெறிக்கட்டி பெருத்திருந்தால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அடுத்த முறை வராமலிருக்க, இந்தப் புழு வரும் வழியை அடைக்க வேண்டும். வாய்க்கால் நத்தைக்குள் வளர்ந்து வெளியேறும் அதன் குஞ்சு, நீர் ஓரத்துப் புல்லில் ஒட்டிக்கொண்டு மாட்டுக்காகக் காத்திருக்கிறது. வாய்க்கால் கரையிலும் தண்ணீர் நிற்கும் தரிசிலும் கட்டாதீர்கள், தண்ணீரைத் தொட்டியில் காட்டுங்கள். அறுவடை முடிந்த ஈர வைக்கோலை அப்படியே போடாமல் நன்றாகக் காயவைத்துப் போரில் சில வாரம் வைத்துக் கொடுங்கள். அறுவடைக்குப் பின் வயலில் வாத்து மேய்க்க வருபவர்களைத் தடுக்காதீர்கள், வாத்து நத்தையைத் தின்னும். நத்தையைக் கொல்ல வாய்க்காலில் மயில்துத்தம் கரைக்கும் பழைய யோசனையை நான் சொல்லமாட்டேன், மீனும் சேர்ந்து சாகும்.

ஒரே இடத்தில் மேய்ந்த மற்ற மாடுகளின் சாணத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இந்தப் பசுவின் சாணத்தை மருந்து கொடுத்து மூன்று வாரம் கழித்து மறுபடியும் கொண்டுபோங்கள்.