கதவைச் சாத்திக்கொண்டு உறுமும் மகள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு, கனடாவின் வடகோடிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பாடகி தான்யா தகாக் என்றால் உயிர். அவர் பாடும் தொண்டைப் பாட்டை யூடியூபில் பார்த்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உறுமிப் பழகுகிறாள். ஆசிரியர் இல்லாமல் இதைக் கற்க முடியுமா? தொண்டை கெட்டுவிடாதா? இதை வைத்து மேடையேற முடியுமா?

பதில்: ஆசிரியர் கட்டாயம் வேண்டும் என்று நான் சொன்னால் உங்கள் மகள் சிரிப்பாள். தகாக் கற்றதே அப்படித்தான். 1975இல் கனடாவின் வடக்கே, இன்றைய நுனாவுட் பகுதியின் கேம்பிரிட்ஜ் பே ஊரில் பிறந்தவர் அவர். தொலைவில் ஹாலிஃபாக்ஸில் ஓவியக் கல்லூரியில் படித்தபோது, அம்மா அனுப்பிய தொண்டைப் பாட்டு கேசட்டுகளைக் கேட்டுக் குளியலறையில் தனியாகப் பழகினார்.

ஆனால் அவரோடு சேர்ந்து பாட ஆளில்லை. அதனால்தான் தனியாகப் பாடினார். 'கட்டஜ்ஜாக்' எனப்படும் இந்தத் தொண்டைப் பாட்டு உண்மையில் இருவர் விளையாட்டு. ஆண்கள் வேட்டைக்குப் போயிருக்கும் நாட்களில் பெண்கள் பொழுதுபோக்காக ஆடியது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி காட்டு வாத்து, காற்று, நாய்க்குட்டி என்று ஏதோ ஒரு ஒலித்துண்டைத் தொடங்க, அவள் விடும் இடைவெளியில் மற்றவள் தன் ஒலியை நுழைப்பாள். மூச்சை வெளியே விடும்போது மட்டுமல்ல, உள்ளே இழுக்கும்போதும் ஒலி உண்டு. முதலில் சிரித்தவளோ மூச்சு வாங்கியவளோ தோற்றாள். (ரஷ்யாவின் துவா பகுதிக்காரர்கள் ஒரே குரலில் இரண்டு சுருதி எழுப்புவார்களே, அது வேறு வித்தை.) பாதிரிமார் இதைத் தடுத்த காலமும் உண்டு, மூதாட்டிகளின் நினைவிலிருந்துதான் மீண்டு வந்தது.

தொண்டை விஷயத்தில் பயம் வேண்டாம், கவனம் போதும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், இடையில் தண்ணீர். வேகமாக மூச்சு இழுத்து விடுவதால் தலை சுற்றும்; உடனே உட்கார்ந்துவிட வேண்டும். வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். குரல் கம்மி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேடை? தகாக் 2001இல் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்குடன் சுற்றுப்பயணம் போனார், 2004இல் பியோர்க்கின் 'மெடுல்லா' ஆல்பத்தில் பாடினார். ஆனால் சொந்த ஆல்பமான 'அனிமிசம்' டிரேக், ஆர்கேட் ஃபயர் போன்ற பிரபலங்களைத் தாண்டிக் கனடாவின் சிறந்த ஆல்பத்துக்கான பொலாரிஸ் பரிசு வாங்கியது 2014இல்தான். இடைப்பட்ட வருடங்களில் அவர் கேசட்டில் கேட்டதையே திருப்பிப் பாடிக்கொண்டிருக்கவில்லை. வயலினும் டிரம்ஸும் துணையிருக்க, அந்தந்த இரவில் தோன்றியதைப் பாடினார். நம் ஆட்கள் கற்பனை ஸ்வரம் பாடுவது மாதிரி, ஆனால் ராகம் என்ற வேலி கிடையாது.

இன்னொன்று. 2019இல் கனடாவில், இனுயிட் அல்லாத ஒரு பூர்வகுடிப் பாடகி இந்தப் பாணியைத் தன் ஆல்பத்தில் பயன்படுத்தியதற்காக, தகாக் உள்ளிட்ட இனுயிட் கலைஞர்கள் ஒரு விருது விழாவையே புறக்கணித்தார்கள். சக பூர்வகுடிக்கே அந்த நிலை. ஆகவே வீட்டில் ஆடட்டும், மூச்சுக்கு நல்ல பயிற்சி. மேடைக்கு வேண்டாம். அங்கே தனக்குத் தெரிந்த பாட்டை தகாக்கின் துணிச்சலோடு பாடட்டும்.

முதலில் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். எதிரே நிற்க ஆள் வேண்டும். நீங்களே நிற்கலாம் அம்மா. எப்படியும் முதலில் சிரிக்கப்போவது நீங்கள்தான்.