டிவிடி டிரைவ் டிஸ்க்கை படிக்கலையா? கேள்வி பதில்

பெங்களூர்ல கம்ப்யூட்டர் சாமான் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோடு பக்கத்துல ஒரு மேஜை போட்டு டிவிடி டிரைவ், விசிடி பிளேயர் எல்லாம் பாக்கறவன் நான். லேப்டாப்ல டிரைவே வர்றதில்ல, இதையெல்லாம் யாரு கேக்கப்போறாங்கன்னு நினைச்சேன், ஆனா பெங்களூர்ல நம்மாளுங்க வீட்டு பீரோ பூரா கல்யாண டிவிடி இருக்கும்போல. கேட்டவங்க பேருக்கு பதிலா ஏரியாவ போட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு, கேக்கறதுக்கு முன்னாடி கடையில வாங்கின அச்சடிச்ச ஒரிஜினல் டிஸ்க் ஒண்ணை போட்டு பாருங்க. அது ஓடி, நீங்க ரைட் பண்ணினது மட்டும் ஓடலைன்னா முதல் சந்தேகம் டிஸ்க் மேலதான்.

அல்சூர்: அண்ணா, சிடி நல்லா படிக்குது, டிவிடி போட்டா ரெண்டு தடவ சுத்திட்டு நின்னுடுது. டிரைவ் போச்சா?

போயிருக்கலாம், ஆனா உடனே தூக்கி போட்டுடாதீங்க. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒரே லென்ஸ் வழியாத்தான் வரும், ஆனா உள்ள லேசர் வெளிச்சம் கொடுக்கற டயோடு தனித்தனி, அதனால ஒண்ணு செத்து இன்னொண்ணு உயிரோட இருக்கறது சகஜம். ஆனா இன்னொரு காரணமும் இருக்கு. சிடில ஒரு டிராக்குக்கும் அடுத்த டிராக்குக்கும் நடுவுல 1.6 மைக்ரான் இடைவெளி, டிவிடில வெறும் 0.74. லென்ஸ் மேல லேசா தூசி படிஞ்சா சிடி சமாளிச்சுடும், டிவிடி முதல்ல படுத்துடும். மெட்ரோவுக்கு தோண்டற ரோட்டு பக்கம் வீடு இருந்தா இதுதான் முக்கால்வாசி கேஸ்.

அதனால முதல்ல தொடைங்க. லேப்டாப் டிரைவா இருந்தா ட்ரேயை இழுத்தாலே லென்ஸ் தெரியும், ஒரு சின்ன நீல கண்ணு மாதிரி. டெஸ்க்டாப் டிரைவ்னா கரண்ட்டை எடுத்துட்டு அடியில இருக்கற நாலு ஸ்க்ரூவை கழட்டணும். காது பட்ஸ்ல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு, அதுவும் சொட்டாத அளவுக்கு, வெச்சு அமுக்காம தடவுங்க. லென்ஸ் மெல்லிசு கம்பிங்கள்ல தொங்கிட்டிருக்கு, அமுக்கினா வளைஞ்சுடும், அப்பறம் நான் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. சென்ட், நெயில் பாலிஷ் ரிமூவர் கிட்டயே போகக்கூடாது, அது பிளாஸ்டிக் லென்ஸ், அசிட்டோன் பட்டா பனி மூட்டினாப்ல ஆயிடும். வாயால ஊதவும் வேண்டாம், எச்சில்தான் தெறிக்கும். நல்லா காய்ஞ்சப்பறம் போடுங்க. அப்பவும் டிவிடி ஓடலைன்னா டயோடு போச்சு, டிரைவ் மாத்திக்கோங்க.

கே.ஆர்.புரம்: ஹேண்டிகேம்ல எடுத்த சின்ன டிவிடி, கேமராவுல ஓடுது, கம்ப்யூட்டர்ல போட்டா காலி டிஸ்க்குன்னு சொல்லுது. குழந்தையோட முதல் பொறந்தநாள் அதுலதான் இருக்குண்ணா.

பதறாதம்மா, டிஸ்க்குல எல்லாம் இருக்கு. எடுத்து முடிச்சதும் ஃபைனலைஸ், அதாவது மத்த டிரைவும் படிக்கற மாதிரி டிஸ்க்கை முடிச்சு வைக்கறது, அதை பண்ணாம விட்டுட்டீங்க, அவ்வளவுதான். அதே கேமராவுல போட்டு, சார்ஜரை சொருகி வெச்சுக்கிட்டு, பாதில நிக்கக்கூடாது, மெனுவுல ஃபைனலைஸ் கொடுத்தா கம்ப்யூட்டர் படிக்கும். கேமரா செத்துடுச்சுன்னா ஐசோபஸ்டர்னு ஒரு சாஃப்ட்வேர், ஃபைனலைஸ் ஆகாததையும் அது நோண்டி எடுக்கும். முக்கியமான விஷயம்: இந்த மாதிரி டிஸ்க்கை போட்டதும் விண்டோஸ் நல்லவன் மாதிரி "இதை எப்படி பயன்படுத்தப் போறீங்க"ன்னு கேக்கும், கேன்சல் பண்ணிடு. ஃபார்மேட்டுக்கு சரின்னுட்டா அழிச்சதுக்கு நீதான் பொறுப்பு. அப்பறம் 8 செ.மீ. டிஸ்க்கை ட்ரே இல்லாம வாய் மாதிரி முழுங்கற டிரைவ்ல போடவே போடாதே, வெளிய வராது.

ஜெயநகர்: விண்டோஸ் அப்டேட் ஆச்சு, டிரைவ் ஐகானே காணோம்.

பயாஸ்ல, அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது விண்டோஸுக்கு முன்னாடி திறக்கற செட்டிங் பக்கத்துல, டிரைவ் தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா டேட்டா போற சாட்டா கேபிள், இல்ல பவர் கேபிள், கழட்டி மாட்டுங்க. பயாஸ்ல தெரிஞ்சு விண்டோஸ்ல மட்டும் தெரியலைன்னா டிவைஸ் மேனேஜர்ல மஞ்ச குறி போட்டு 19ன்னோ 39ன்னோ கோட் வந்திருக்கான்னு பாருங்க. வந்திருந்தா டிஸ்க் எழுதற பழைய பர்னிங் சாஃப்ட்வேர் விட்டுட்டு போன குப்பை, விண்டோஸ் தன் செட்டிங்கையெல்லாம் வெச்சிருக்கற ரெஜிஸ்ட்ரில சிடி டிரைவ் கிளாஸ்ல அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ்னு ரெண்டு வரி இருக்கும், அதை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். தொடறதுக்கு முன்னாடி பேக்கப் எடுங்க, பக்கத்து வரியை அழிச்சுட்டு எனக்கு ஃபோன் போடாதீங்க.

விவேக் நகர்: படம் டிஸ்க்குல ஃபைல் எல்லாம் தெரியுது, மீடியா பிளேயர்ல ஓடல.

டிரைவ்ல தப்பே இல்ல. விண்டோஸ் 8லேருந்தே டிவிடி படம் ஓட்டறதை எடுத்துட்டாங்க. விஎல்சி பிளேயர் போட்டுக்கோங்க.

மாரத்தஹள்ளி: டிவிடி படிக்கல, என்ன பண்ண?

அல்சூர்காரருக்கு சொன்னதை படிங்க. ஒரிஜினல் டிஸ்க் போட்டு பாத்தீங்களா?

எலெக்ட்ரானிக் சிட்டி: யூஎஸ்பி டிவிடி டிரைவ், க்ளிக் க்ளிக்குன்னு சத்தம் மட்டும் வருது, ஹப்புல மாட்டியிருக்கேன்.

பதிலை நீங்களே சொல்லிட்டீங்க. ஹப்பை எடுத்துட்டு நேரா லேப்டாப்ல சொருகுங்க. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்ப்தான் கொடுக்கும், டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும்போது டிரைவ் அதுக்கு மேல இழுக்கும். ரெண்டு தலை கேபிள் இருந்தா ரெண்டையும் சொருகுங்க.

சிவாஜி நகர்: தம்பி, விசிடி காலத்துலேருந்து நாங்க ப்ரீசெட்டை, அதான் லேசருக்கு போற கரண்ட்டை கூட்டிக் குறைக்கற ஸ்க்ரூவை, லேசா திருப்பியே எத்தனையோ பிளேயரை ஓட்டியிருக்கோம். நீ தொடைக்கற கதையே சொல்லிட்டிருக்க. ஹெட்டு பக்கத்துல இருக்கற அந்த குட்டி ஸ்க்ரூவை கால் சுத்து திருப்ப சொல்லு, அடுத்த நிமிஷம் படிக்கும்.

படிக்கும் பெரியவரே, இல்லைன்னு சொல்லல. எத்தனை நாளைக்குங்கறதுதான் கேள்வி. டயோடு வெளிச்சத்தை பக்கத்துலயே வெளிச்சத்தை அளக்கற ஒரு போட்டோடயோடு பாத்துட்டே இருக்கும், வயசானதால வெளிச்சம் குறைஞ்சா சர்க்யூட் தானாவே கரண்ட்டை ஏத்தும். அதாவது அது ஏற்கனவே மூச்சு வாங்கிட்டிருக்கு. அதுக்கு மேல நீங்க ப்ரீசெட்டை திருப்பறது களைச்ச மாட்டை சாட்டையால அடிச்சு மேடு ஏத்தற கதை, ஏறும், மேட்டுல போய் விழும். விசிடி பிளேயர்ல கேஎஸ்எஸ் 213ங்கற பிக்கப், அதாவது லேசர் ஹெட்டு, சல்லிசா கிடைச்சுது, எரிஞ்சா வேற மாட்டிட்டு போயிடுவீங்க. ரைட்டர் டிரைவ் அப்படி இல்ல, எழுதற பவர் படிக்கற பவரை விட பல மடங்கு, ஃபேக்டரில அளந்து வெச்ச அளவு, திருப்பினீங்கன்னா எழுதறதும் கெட்டுடும்.

ஜாலஹள்ளி: பெரியவர் சொல்றது சரிதாண்ணா, நானும் திருப்பினேன், ஓடுது.

எப்ப திருப்பினீங்க? போன வாரமா? அடுத்த மழைக்காலம் முடிஞ்சு வந்து சொல்லுங்க.

சிவாஜி நகர்: அப்ப நாங்க பண்ணின வேலையெல்லாம் தப்பா தம்பி?

ஐயோ, அப்படி சொல்லுவேனா. உங்க காலத்துக்கு அது சரி. ஒரு இடத்துல இப்பவும் சரின்னே வெச்சுக்கலாம்: டிரைவ் எப்படியும் குப்பைக்குத்தான், டிஸ்க்கு ஒரே ஒரு தடவ படிச்சா போதும்னா. அப்பவும் திருப்பறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல ப்ரீசெட்டோட ஓம்ஸ் அளந்து எழுதி வெச்சுட்டுத்தான் தொடணும். மூடியை திறந்து வெச்சுட்டு லேசர் எரியுதான்னு குனிஞ்சு பாக்கறவங்களுக்கும் சொல்றேன், 780 நானோமீட்டர் கண்ணுக்கு சரியா தெரியவே தெரியாது, ஆனா கண்ணை கெடுக்கும். ஆனா எதுக்கு இவ்வளவு பாடு, பக்கத்து வீட்டு டிரைவ்ல போட்டு பாத்தாலே பாதி கேஸ் முடிஞ்சுடும்.

ஸ்ரீராம்புரம்: கீறல் விழுந்த டிஸ்க்குக்கு பேஸ்ட் தடவலாமா?

லேசான கீறல், சிடியோ டிவிடியோ, வேற வழியே இல்லைன்னா. ப்ளூரேக்கு கூடவே கூடாது, அதுல டேட்டா மேல்தோல்லேருந்து 0.1 மில்லிமீட்டர்லயே இருக்கு. தொடைக்கறது எதுவா இருந்தாலும் நடுவுலேருந்து வெளிப்பக்கமா நேரா தொடைங்க, வட்டமா வேண்டாம். சிடில ஒரே டிராக்குல ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் வரைக்கும் தொலைஞ்சாலும் திருத்திக்கும், வட்டமா கீறினா ஒரே டிராக்குல நீளமா போயிடும். சிடிக்கு லேபிள் பக்கம் கீறல்னா மறந்துடுங்க, டேட்டா அந்த பக்கம்தான் ஒட்டிக்கிட்டிருக்கு.

பனசவாடி: ஹார்ட் டிஸ்க் டக் டக்குங்குது.

நம்ம ஏரியா இல்ல. ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெகவரி ஆளுகிட்ட போங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க.

ராஜாஜி நகர்: ஃப்ளாப்பி டிரைவ் லைட்டு அணையவே மாட்டேங்குது.

ரிப்பன் கேபிளை தலைகீழா சொருகியிருக்கீங்க.

ஒயிட்ஃபீல்டு: டிவிடி படிக்கல.

ஒரிஜினல் டிஸ்க்!

மல்லேஸ்வரம்: கல்யாண டிவிடி முக்கால்வாசி காப்பி ஆகுது, கடைசில சிக்கிக்குது. எஸ்.பி. ரோட்ல பழைய டிரைவ் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு ஓட்டுங்க, படிச்சதை எடுத்து வெச்சுட்டு, படிக்காத செக்டரை, அதாவது டிஸ்க்கோட துண்டை, மட்டும் மேப் ஃபைல்ல குறிச்சுக்கும். அந்த மேப் ஃபைலை வெச்சுக்கிட்டு வேற டிரைவ்ல டிஸ்க்கை போட்டு தொடர்ந்தீங்கன்னா ஒண்ணு விட்டதை இன்னொண்ணு எடுக்கும். டிரைவ் வாங்கப்போனா இந்த டிஸ்க்கை கொண்டு போகாதீங்க, வேற ஒரு நிறைய ரைட் பண்ணின டிவிடியை கொண்டு போய், கடைசி ஃபைலை கடைக்காரர் முன்னாடியே காப்பி பண்ணி பாருங்க. டிஸ்க்கோட வெளி ஓரத்துலதான் தேஞ்ச டிரைவ் மாட்டிக்கும், டிஸ்க்கை போட்டதும் ஃபோல்டர் தெரிஞ்சுதுன்னு காசு கொடுத்துட்டு வந்துடாதீங்க. ஞாயித்துக்கிழமை போகாதீங்க, முக்கால்வாசி கடை மூடியிருக்கும்.