கேள்வி-பதில்: அந்த வருஷம் இன்ஜினுக்கு என்ன கலர்?

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல அமெரிக்க சரக்கு டீசல் இன்ஜின் மாடலுக்குப் பெயின்ட் அடிக்கறதைப் பத்திதான். அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கோவை வாசகர்: ஹெச்.ஓ. ஸ்கேல்ல (நிஜத்துல 87-ல ஒரு பங்கு அளவு) 1955-ல ஓடற மாதிரி சான்டா ஃபேங்கற அமெரிக்க ரயில் கம்பெனியோட ஒரு சரக்கு ரயில் செட் பண்றேன். சிவப்பு-சில்வர்ல எஃப்-7 இன்ஜின் வாங்கியாச்சு. நண்பர் பார்த்துட்டு தப்புங்கறார். அப்படியா சார்?

நண்பர் சொல்றது சரிதாங்க. அந்த சிவப்பு-சில்வர், அதான் வார்பானெட்னு (அமெரிக்கப் பூர்வகுடிகளோட இறகுத் தலைப்பாகை) சொல்றது, 1937-ல சூப்பர் சீஃப் மாதிரி பயணிகள் வண்டிக்குன்னே ஜெனரல் மோட்டார்ஸ் டிசைனர் லேலன்ட் நிக்கர்பாக்கர் போட்டுக் கொடுத்தது. சரக்கு இழுத்த எஃப்-டி, எஃப்-7 எல்லாம் கருநீலமும் மஞ்சளும், மூக்குல மஞ்சள் கோடு ரெண்டு பக்கமும் இழுத்திருக்கும், அதைப் பூனை மீசைன்னே கூப்பிடுவாங்க. அதே காலத்து இன்னொரு டீசல் மாடல் ஜிபி-7-ஐப் பார்த்தா அது வேற மாதிரி, கறுப்பு உடம்புல வெள்ளைச் சாய்கோடு போட்ட ஜீப்ரா ஸ்கீம். 1960-ல அதை விட்டுட்டு நீல உடம்பு, முன்னும் பின்னும் மஞ்சள், பக்கவாட்டுல கொட்டை எழுத்துல சான்டா ஃபேன்னு மாத்தினாங்க. 1972-ல வார்பானெட் வளைவையே எடுத்து நீலம்-மஞ்சள்ல சரக்கு இன்ஜினுக்குப் போட்டாங்க. சிவப்பு-சில்வர் சரக்குக்கு வந்தது 1989-ல, சூப்பர்ஃப்ளீட்னு பேர் வெச்சு. அதனால அந்தக் கலர்லதான் கன்டெய்னர் இழுக்கணும்னா நீங்க 1990-க்கு வந்துடணும், ஆனா அப்ப எஃப்-7 ஒத்து வராது, புது மாடல் ஜிபி-60எம் இன்ஜின் வாங்கணும், செலவு. அதுக்கு இருக்கற இன்ஜினுக்குப் பின்னால நாலு சில்வர் கோச் மாட்டி பயணிகள் வண்டியா ஓட்டிடுங்க, 1955-ம் அப்படியே நிக்கும்.

ஈரோடு வாசகர்: சிவப்பு, மஞ்சள், கறுப்புல ஒரு சதர்ன் பசிபிக் இன்ஜின் போட்டோ பார்த்தேன். பக்கத்துல எஸ்பின்னு மட்டும் எழுதி மீதி இடம் சும்மா கெடக்கு. டெக்கால் (எழுத்து ஸ்டிக்கர்) உரிஞ்சு போச்சா?

உரியலைங்க, ஒட்டவே இல்ல! எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. 1983 கடைசில சான்டா ஃபே, சதர்ன் பசிபிக் ரெண்டோட தாய்க் கம்பெனியும் ஒண்ணா சேர்ந்துச்சு, ஆனா ரயில்வேங்க சேரணும்னா ரயில்வேங்களைக் கட்டுப்படுத்தற ஐசிசிங்கற வாஷிங்டன் அரசு கமிஷன் ஓகே சொல்லணும். எப்படியும் சொல்லிடுவாங்கன்னு நம்பி 1985-லயே புதுக் கலர் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சதர்ன் பசிபிக் வண்டில எஸ்பி, சான்டா ஃபே வண்டில எஸ்எஃப், ஆர்டர் வந்ததும் மிச்ச ரெண்டு எழுத்தைச் சேர்த்து எஸ்பிஎஸ்எஃப் ஆக்கிடலாம்னு இடம் விட்டு எழுதினாங்க. 1986 ஜூலைல கமிஷன் முடியாதுன்னுடுச்சு, அடுத்த வருஷம் மறுபடி கேட்டும் அதே பதில். ரயில் ரசிகர்கள் விடுவாங்களா, எஸ்பிஎஸ்எஃப்னா 'ஷுடன்ட் பெயின்ட் ஸோ ஃபாஸ்ட்' (இவ்வளவு அவசரமா பெயின்ட் அடிச்சிருக்கக் கூடாது)னு விரிவாக்கம் கொடுத்துட்டாங்க. கலருக்குப் பட்டப்பேர் கோடாக்ரோம், அந்த ஃபிலிம் டப்பா கலர்ல இருக்கறதால.

மாடல் பண்றவங்களுக்கு இதுல என்ன லாபம்னா, அடிச்ச பெயின்டை யாரும் உடனே சுரண்டலை. 1990-கள்லயும் சதர்ன் பசிபிக்ல அந்தக் கலர் ஓடிட்டுதான் இருந்துச்சு, பக்கத்துலயே சாம்பல் உடம்பு சிவப்பு மூக்குன்னு அவங்க 1958-ல கொண்டு வந்த ப்ளடி நோஸ் வண்டிங்க. ரெண்டையும் ஒரே ரயில்ல மாட்டலாம், தப்பே இல்ல. ஆனா தயவுசெஞ்சு அழுக்காக்குங்க. சதர்ன் பசிபிக் இன்ஜின் பளபளன்னு இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க. கலிபோர்னியா டானர் மலைப்பாதைல சுரங்கம், பனி விழாம தண்டவாளத்தை மூடியிருக்கற கூரைக்குள்ள எல்லாம் புகையோட ஏறி இறங்கற வண்டிங்க அது. புகைபோக்கியைச் சுத்தி மேல்பக்கம் பளபளப்பில்லாத கறுப்பு, வீல் பக்கம் மண் கலர், நடுவுல அந்த சாம்பல் லேசா தெரிஞ்சா போதும்.

சேலம் வாசகர்: பென்சில்வேனியா ரயில்ரோட் டீசல் பச்சையா கறுப்பா? வீட்ல சண்டையே வந்துடுச்சு.

பச்சைதான், ஆனா கறுப்புன்னு சொன்னவரையும் குத்தம் சொல்ல முடியாது. அவ்வளவு அடர்த்தியான பச்சை, மேகம் போட்டிருந்தா கறுப்பாவேதான் தெரியும், நல்ல வெயில்ல பக்கத்துல நின்னாதான் பச்சை எட்டிப் பார்க்கும். டெஸ்ட் பண்ண ஒரே வழி, பக்கத்துல ஒரு நிஜக் கறுப்பு வண்டியை நிறுத்தறதுதான். 1968 பிப்ரவரி 1-ல நியூயார்க் சென்ட்ரலோட சேர்ந்து பென் சென்ட்ரல் ஆனப்போ நிஜத்துலயே அப்படித்தான் நின்னுச்சு, புதுசா அடிச்சது கறுப்பு, அடிக்காம விட்டது பழைய பச்சை. அந்த வருஷத்தை எடுத்தீங்கன்னா வீட்ல ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு இன்ஜின், சண்டை முடிஞ்சுது.

சென்னை வாசகர்: ஃப்ளோகுயில் பெயின்ட் கிடைக்கவே மாட்டேங்குது. போட்டோவைப் பார்த்து நானே கலந்தா சரியா வருமா?

கிடைக்காதுங்க, 2013-லயே நிறுத்திட்டாங்க. ட்ரூ-கலர்ங்கற கம்பெனி ரயில்வே பேர் போட்டே பாட்டில் விக்கறாங்க, வரவழைக்கறதுதான் பாடு. கலக்கலாம், ஆனா ஒரே போட்டோவை நம்பாதீங்க. பழைய எக்டாக்ரோம் ஃபிலிம் ஸ்லைடு பல வருஷத்துல சாயம் மாறிடும், இருட்டுல வெச்சிருந்த கோடாக்ரோம் ஸ்லைடுதான் ஓரளவு உண்மை சொல்லும். அதுலயும் புது வண்டியா பத்து வருஷம் வெயில் தின்ன வண்டியான்னு பார்க்கணும். இன்னொண்ணு, நிஜ இன்ஜின் பெயின்டையே கொண்டு வந்து சின்ன மாடல்ல அடிச்சாலும் அடர்த்தியாதான் தெரியும், அதனால கொஞ்சம் வெள்ளை சேருங்க. கலக்கின உடனே முடிவு பண்ணாம, ஒரு துண்டு பிளாஸ்டிக்ல அடிச்சு காய வெச்சு, மாடல் எந்த லைட்டுக்குக் கீழ ஓடப்போகுதோ அங்க வெச்சுப் பாருங்க. மஞ்சள் பல்புக்கும் வெள்ளை எல்இடிக்கும் சான்டா ஃபே நீலம் ரெண்டு கலரா தெரியும்.

திருச்சி வாசகர்: டெக்காலுக்கு அடியில வெள்ளி மாதிரி மின்னுது, என்ன பண்ண?

மேட் பெயின்ட் மேல நேரா ஒட்டியிருப்பீங்க, சொரசொரப்புல காத்து மாட்டிக்கும். முதல்ல பளபளப்பு வார்னிஷ் (க்ளாஸ் கோட்), அப்புறம் டெக்கால், மேல டெக்காலை இளக்கிப் படிய வைக்கற மைக்ரோ சால் திரவம், நல்லா காஞ்சதும் பளபளப்பைக் குறைக்கற டல் கோட். இப்ப மின்னற இடத்துல ஊசியால நாலஞ்சு குத்து குத்தி மைக்ரோ சால் விடுங்க, பெரும்பாலும் படிஞ்சுடும்.

தூத்துக்குடி வாசகர்: 1995-ம் வருஷ லேஅவுட். யூனியன் பசிபிக் 1995 நம்பர் இன்ஜின், மஞ்சள்-பச்சைல, வாங்கலாமா?

வாங்காதீங்க! 1995-ங்கறது சிகாகோ அன்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயை யூனியன் பசிபிக் சேர்த்துக்கிட்ட வருஷம், அதை நம்பரா வெச்சிருக்காங்க. 2005-06-ல ஆறு பழைய கம்பெனிங்க ஞாபகமா கலர் அடிச்சாங்க, அதுல ஒண்ணு. அந்த இன்ஜினோட எஸ்டி-70ஏசிஇ மாடலே 1995-ல கிடையாது. உங்களுக்கு வேணும்னா நிஜ நார்த் வெஸ்டர்ன் பேர் போட்ட பழைய ஜிபி-7 பாருங்க, விலையும் கம்மியா இருக்கும்.