கிளைடர் கிளப்: கணக்கும் விமானமும் (கேள்வி பதில்)

உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கிளைடர் (எஞ்சின் இல்லாமல் காற்றில் சறுக்கிப் பறக்கும் விமானம்) கிளப்புகளின் வரவு செலவு பற்றியும் விமானப் பராமரிப்பு பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பொருளாளர் வேலை, விமானப் பொறுப்பாளர் வேலை இரண்டையும் பார்த்தவன் நான். அதனால் கணக்குப் புத்தகத்தையும் விமானத்தின் லாக் புக்கையும் (பறந்த விவரப் பதிவேடு) தனித்தனியாக வைத்துப் பேச எனக்கு வராது.

கேள்வி (புதிதாகப் பொறுப்பேற்ற பொருளாளர்): சார், எங்கள் கிளப்பின் வங்கிக் கணக்கில் நல்ல கையிருப்பு இருக்கிறது. பறக்கும் கட்டணத்தைக் குறைக்கலாம் என்று கமிட்டியில் பலரும் சொல்கிறார்கள். குறைக்கலாமா? எங்களிடம் இரட்டை இருக்கை கிளைடர் ஒன்று, ஒற்றை இருக்கை ஒன்று, கிளைடரை வானத்துக்கு இழுத்துச் செல்ல ஒரு பைப்பர் பானி எஞ்சின் விமானம் இருக்கின்றன.

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தப் பணத்தில் எவ்வளவு உண்மையிலேயே கிளப்புடையது என்று முதலில் பாருங்கள்.

இழுவை விமானத்திலிருந்து தொடங்கலாம். பானியில் இருப்பது லைகாமிங் ஓ-540 எஞ்சின் என்றால், 2000 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) செய்யச் சொல்கிறார் தயாரிப்பாளர். ஓவர்ஹாலுக்கு ஆகும் மொத்தச் செலவு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 700 மணி ஓடியிருந்தால் அதில் 35 பங்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. பணம் வங்கியில் இருக்கலாம், ஆனால் அது எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அதே தயாரிப்பாளர் மணிக்கணக்கோடு 12 ஆண்டு என்ற வரம்பையும் சொல்கிறார். உங்கள் பானி ஆண்டுக்கு 100 மணிதான் ஓடுகிறது என்றால் 12 ஆண்டில் 1200 மணிதான் சேரும். அப்படியானால் செலவை 2000-ஆல் வகுத்தால் தப்பு, 1200-ஆல் வகுக்க வேண்டும். அதே 700 மணிக்கு ஒதுக்க வேண்டியது 35 பங்கிலிருந்து 58 பங்காக ஏறிவிடுகிறது. குறைவாகப் பறக்கிற கிளப்புக்கு ஒரு மணி நேரத்தின் உண்மையான செலவு அதிகம். இது கசப்பான கணக்குதான், ஆனால் எந்தக் கமிட்டியும் இதிலிருந்து தப்ப முடியாது.

அப்புறம், உறுப்பினர்கள் முன்கூட்டியே கட்டி வைத்திருக்கும் பணம். அது அவர்களுடையது. நாளைக்கே ஒருவர் விலகினால் திருப்பித் தர வேண்டும். அடுத்து, புதுப்பிக்க வேண்டிய இன்சூரன்ஸ், வரப்போகிற ஆண்டுச் சோதனை, கிளைடர்களின் பெயின்ட், பாராசூட், கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர வேண்டிய ஒதுக்கீடு. இவற்றையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சினால், அது உபரி. அப்போது கட்டணக் குறைப்பைப் பற்றிப் பேசலாம். என் அனுபவத்தில், கையிருப்பு அதிகம் என்று பேச்சு எழும் கிளப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை.

கேள்வி (கமிட்டி உறுப்பினர்): சந்தாவை ஏற்றலாமா, லாஞ்ச் கட்டணத்தை (கிளைடரை ஒருமுறை மேலே ஏற்றிவிடுவதற்கு வாங்குவது) ஏற்றலாமா? எங்கள் கூட்டத்தில் இதற்கே இரண்டு மணி நேரம் போய்விட்டது.

பதில்: ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு முழுப் பருவம் வானிலை கெட்டு ஒருவருமே பறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை, இன்சூரன்ஸ், ஆண்டுச் சோதனை ஆகியவற்றைச் சந்தாப் பணம் மட்டுமே தாங்குமா? தாங்காது என்றால் ஏற்ற வேண்டியது சந்தாவை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருகிற செலவு சந்தாவில் போக வேண்டும், பறந்தால் மட்டும் வருகிற செலவு பறப்பவரிடம் வர வேண்டும்.

பறப்பவரின் பங்கிலும் இரண்டு விதம் உண்டு. மாணவர் ஒருவர் வின்ச் (தரையில் இருந்தபடி வயரைச் சுருட்டிக் கிளைடரை மேலே இழுக்கும் எந்திரம்) மூலம் மேலே போய் ஆறேழு நிமிடத்தில் இறங்குகிறார். வயர், கொக்கி, சக்கரம், இறங்கு சட்டம் எல்லாம் ஒவ்வொரு லாஞ்சிலும் தேய்கின்றன. இன்னொருவர் நல்ல தெர்மல் (மேலெழும் வெப்பக் காற்று) பிடித்து ஐந்து மணி நேரம் மேலே இருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு லாஞ்ச்தான், ஆனால் விமானத்தை அன்று வேறு யாரும் தொட முடியாது, அதன் மணிக்கணக்கும் ஏறுகிறது. அதனால் லாஞ்சுக்கு ஒரு கட்டணம், நிமிடத்துக்கு ஒரு கட்டணம் என்று இரண்டும் வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் இலவசம் என்ற வழக்கம் பல கிளப்புகளில் இருக்கிறது. தொலைதூரப் பறத்தலை ஊக்குவிக்க அது நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் விட்டுக்கொடுக்கும் தொகை எவ்வளவு என்று எழுதி வைத்துவிட்டு விட்டுக்கொடுங்கள்.

கேள்வி (மூத்த உறுப்பினர்): பயிற்சிக்குப் புதிதாக ஓர் இரட்டை இருக்கை வாங்க வேண்டும். பழைய உலோகக் கிளைடர் மலிவாக வருகிறது. ஃபைபர் கிளாஸ் விலை கையைக் கடிக்கிறது. எதை வாங்குவது?

பதில்: விலைச் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, மிச்சம் எவ்வளவு ஆயுள் வாங்குகிறோம் என்று பாருங்கள்.

பிளானிக் எல்-13 கதை எல்லாக் கிளப்பும் மனதில் வைத்திருக்க வேண்டியது. செக்கோஸ்லோவாகியாவில் வடிவமைத்த முழு உலோகக் கிளைடர், முதலில் பறந்தது 1956-இல். உலகெங்கும் பல கிளப்புகளில் பயிற்சிக்கு அதுதான் ஓடியது. 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் ஒன்றின் இறக்கை வானத்திலேயே முறிந்து, இருந்தவர்கள் இறந்தார்கள். காரணம், இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டத்தில் உலோகச் சோர்வு, அதாவது திரும்பத் திரும்ப வளைந்து வரும் விரிசல். அதைத் தொடர்ந்து அந்த ரகம் நாடு நாடாகத் தரையிறக்கப்பட்டது. பயிற்சிக்கு எல்-13 மட்டுமே வைத்திருந்த கிளப்புகள் ஒரே நாளில் கையைப் பிசைந்துகொண்டு நின்றன.

இதில் நான் எடுத்துக்கொள்வது இரண்டு விஷயம். வசதி இருந்தால் பயிற்சி விமானங்கள் எல்லாம் ஒரே ரகமாக இருக்க வேண்டாம். இன்னொன்று லாக் புக். ஓர் உலோகச் சட்டம் எவ்வளவு களைத்திருக்கிறது என்பதை மணிக்கணக்கு மட்டும் சொல்லாது. எத்தனை லாஞ்ச், எத்தனை இருவர் பறத்தல், எத்தனை ஏரோபாட்டிக்ஸ் (வானச் சாகசம்) என்பதெல்லாம் தெரிய வேண்டும். அந்த விவரம் லாக் புக்கில் இல்லாத பழைய கிளைடரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஃபைபர் கிளாஸில் ஏஎஸ்கே 21 போன்றவை 1979 முதல் கிளப்புகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. மாணவர்களின் கரடுமுரடான இறக்கங்களைத் தாங்கும், 34-க்கு 1 சறுக்கு விகிதம் தரும், அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 34 மீட்டர் முன்னே போகும். ஆனால் இந்த ரகங்களுக்கும் மணிக்கணக்குச் சோதனைகள் உண்டு. பல ஜெர்மன் ஃபைபர் கிளைடர்களுக்கு முதல் பெரிய சோதனை 3000 மணியில் வரும். 2900 மணி ஓடிய ஒன்றை வாங்கினால் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். விலை பேசும்போது அதைக் கழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (விமானப் பொறுப்பாளர்): எங்கள் ஒற்றை இருக்கையின் இறக்கையில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிகின்றன. பயப்பட வேண்டுமா?

பதில்: ஹேங்கர் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை இறக்கைப் பரப்போடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்குப் படாத கோடுகள் அப்போது நிழலோடு எழுந்து தெரியும். மேல் பரப்பு முழுக்க ஒரே திசையில் மெல்லிய கோடுகளாக இருந்தால், பெரும்பாலும் வெயிலாலும் ஈரத்தாலும் உயரத்தின் குளிராலும் வயதான ஜெல்கோட் (ஃபைபரின் மேல்பூச்சு). ஓர் இடத்தில் மட்டும் குவிந்து நட்சத்திரம் போலப் பரவியிருந்தால், அல்லது இறக்கை வேர், ஏர் பிரேக் (இறங்கும்போது இறக்கையில் எழும் தகடு) பெட்டி, சக்கர அறை இவற்றின் ஓரத்தில் இருந்தால், அடி வாங்கியிருக்கலாம். அன்றே பறப்பதை நிறுத்திவிட்டுத் தகுதி பெற்ற பரிசோதகரைக் கூப்பிடுங்கள். முதல் வகையையும் அவரிடம் காட்டுங்கள், ஆழம் எவ்வளவு என்று அவர்தான் சொல்ல முடியும்.

முழுதாகச் சுரண்டிப் புதுப் பூச்சு போடுவது நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பு. பழைய ஒற்றை இருக்கைக்கு அந்தச் செலவு விமானத்தின் விலையையே நெருங்கும். அதனால் இருக்கிற பூச்சைக் காப்பாற்றுவதே லாபம். வெளியே நிற்கும் நேரமெல்லாம் உறை போடுங்கள், ஈரத்தோடு உறைக்குள் மூடாதீர்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது கடின மெழுகு பூசுங்கள். சிலிக்கோன் கலந்த பாலிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், பின்னால் பழுது பார்க்கும்போது பூச்சு ஒட்டாது.

கேள்வி (பொருளாளர்): பாக்கி வைக்கும் உறுப்பினர்களை என்ன செய்வது?

பதில்: முன்பணம் இருந்தால் பறக்கலாம், தீர்ந்தால் பறக்க முடியாது. தலைவருக்கும் இதே விதிதான். கடன் கொடுத்துவிட்டு நண்பரிடம் கேட்கப் போவதைவிட இது எல்லோருக்கும் மரியாதை.

கேள்வி (பயிற்சியாளர்): விமானத்துக்குச் சேதம் வந்தால், இன்சூரன்ஸ் தருவதற்கு முன் நாம் கையிலிருந்து போட வேண்டிய முதல் தொகையை, ஓட்டியவரே கட்ட வேண்டும் என்று எங்கள் கமிட்டி முடிவு செய்யப் போகிறது. உங்கள் கருத்து என்ன?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஒரு மாணவர் மாலையில் கடைசி லாஞ்சில் கனமாக இறங்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. சொன்னால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் அவரை நிறுத்தியது உங்கள் விதிதான். மறுநாள் காலை அதே விமானத்தில் இன்னொரு மாணவரும் பயிற்சியாளரும் ஏறுகிறார்கள். சக்கர அறைக்குள் இருக்கும் விரிசல் அவர்களுக்குத் தெரியாது.

அந்த முதல் தொகை மொத்தக் கிளப்பின் மேல் பரவினால் ஆளுக்குச் சொற்பம். அதற்கென்று ஒரு நிதியை ஒதுக்கி வையுங்கள். வேண்டுமென்றே விதியை மீறியவர், குடித்துவிட்டு வந்தவர், அனுமதியில்லாமல் எடுத்தவர் கட்டட்டும். நேர்மையான தவறுக்குக் கிளப் கட்டட்டும். “நேற்று கனமாக இறங்கினேன், பாருங்கள்” என்று ஒருவர் தயங்காமல் வந்து சொல்ல முடிகிற கிளப்தான் பாதுகாப்பான கிளப்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சேதத்தில் பெரும் பங்கு வானத்தில் நடப்பதில்லை. ஹேங்கருக்குள் தள்ளும்போது இறக்கை நுனி இடிப்பது, திறந்து வைத்த கேனபியை (விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி) காற்று அறைந்து உடைப்பது, இப்படித்தான். திறந்த கேனபி வெயிலில் பூதக்கண்ணாடியாக வேலை செய்து இருக்கையைக் கருக்கியதும் உண்டு. மூடிப் பூட்டு, துணி போடு என்ற பழக்கம் எந்த இன்சூரன்ஸையும்விட மலிவு. ஹேங்கரில் தள்ளும்போது ஒருவர் மட்டும் கட்டளை கொடுக்கட்டும், இறக்கை நுனி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் நிற்கட்டும்.

கேள்வி (வின்ச் இயக்குநர்): ஸ்டீல் வயரிலிருந்து செயற்கைக் கயிற்றுக்கு மாறலாமா? அப்புறம், ரிலீஸ் கொக்கியை (கயிற்றைப் பிடித்திருந்து மேலே போனதும் விடுவிப்பது) எப்போது சர்வீசுக்கு அனுப்புவது?

பதில்: செயற்கைக் கயிறு மிகவும் இலேசு. அறுந்தால் ஸ்டீல் போலச் சுருண்டு அடிக்காது, இணைப்பதும் சுலபம். ஆனால் கரடான தரையில் உராய்ந்தால் சீக்கிரம் போய்விடும். உங்கள் ஓடுபாதை நல்ல புல்தரை என்றால் மாறுங்கள், கல்லும் கான்கிரீட்டும் என்றால் ஸ்டீலோடு இருங்கள்.

வீக் லிங்க்கில் (இழுவிசை அளவு மீறினால் முதலில் அறுந்து விமானத்தைக் காப்பாற்றும் துண்டு) மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டோஸ்ட் நிறுவனத்தின் வரிசையில் கறுப்பு 1000 டெக்கா நியூட்டன் (ஒரு டெக்கா நியூட்டன் சுமார் ஒரு கிலோ எடை), பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. எந்த நிறம் என்பதை விமானத்தின் கையேடு சொல்லும். அன்று கைக்குக் கிடைத்த நிறத்தை மாட்டுவது கூடவே கூடாது.

கொக்கிக்கு 2000 லாஞ்ச் என்ற வரம்பு இருக்கிறது. பெரிய எண்ணாகத் தெரியும். நாளுக்கு 20 லாஞ்ச், ஆண்டில் 50 நாள் என்றால் ஆண்டுக்கு 1000. இரண்டே ஆண்டில் கொக்கி கழற்றப்பட வேண்டும். மாற்றுக் கொக்கி ஒன்றைச் சர்வீஸ் செய்து கையில் வைத்திருந்தால் நல்ல பருவத்தில் விமானம் சும்மா நிற்காது.

கேள்வி (கமிட்டி உறுப்பினர்): எங்கள் ஒற்றை இருக்கை மாதக்கணக்கில் டிரெய்லரிலேயே கிடக்கிறது. விற்றுவிடலாமா?

பதில்: ஏன் கிடக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் இறக்கை மாட்டிக் கழற்ற மூன்று பேர் வேண்டும் என்பதாலேயே பலர் தொடுவதில்லை. ஒரு பருவத்துக்கு ஹேங்கரில் மாட்டிய நிலையிலேயே வைத்துப் பாருங்கள். அப்படியும் யாரும் எடுக்கவில்லை என்றால் விற்கலாம். ஆனால் தனியாகப் பறக்கத் தொடங்கியவர் அடுத்து ஏற ஒரு விமானம் இல்லையென்றால், பயிற்சி முடிந்த கையோடு கிளப்பை விட்டுப் போய்விடுவார். அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் தனி வரியாக வராது, அதனால்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

கேள்வி (புதிய உறுப்பினர்): உறுப்பினர்களிடமே கடன் வாங்கி விமானம் வாங்குவது சரியா?

பதில்: நல்ல வழிதான். எப்போது திருப்பித் தருவது, இடையில் விலகினால் என்ன, இறந்துபோனால் யாருக்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கடன் கொடுத்தவருக்கு விமானத்தில் முன்னுரிமை கிடையாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி (விமானப் பொறுப்பாளர்): ஆண்டுச் சோதனையில் யாரும் பார்க்காமல் விடுவது எது?

பதில்: டிரெய்லர். அதன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. தரையில் படும் பள்ளக் கோடுகள் தேயாமல் அப்படியே இருக்கின்றன என்று நம்பாமல் அந்த எண்ணையும் பக்கவாட்டு வெடிப்புகளையும் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்.