174இல் இரண்டு இசைத்தட்டு: ட்ரம் அன்ட் பேஸ் மிக்சிங், கேள்வி பதில்

கலியாண வீடு, பிறந்தநாள், விளையாட்டுக் கழக விழா என்று வன்னியில் சவுண்ட்ஸ் போடும் பிள்ளைகளில் சிலர் இப்போது நிமிடத்துக்கு 174 பீற் அளவில் ஓடும் வேகமான மின்னிசையான ட்ரம் அன்ட் பேஸ் பக்கம் வந்திருக்கிறார்கள். தட்டு வைத்து மிக்ஸ் பண்ணுவது, அதாவது ஓடும் பாட்டோடு அடுத்த பாட்டை ஒட்டிச் சேர்ப்பது பற்றி அவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

பரந்தன்: அக்கா, ரெண்டு பாட்டையும் 174இல வைச்சிட்டுத்தான் விடுறன். முதல் பத்துச் செக்கன் நல்லாப் போகுது. பிறகு "டக்" எண்டு விழவேண்டியது "டடக்" எண்டு விழுது. ஏன்?

திரையில் தெரியும் 174 முழு எண்ணாக்கிய கணக்கு, தம்பி. உள்ளே ஒன்று 173.8 ஆகவும் மற்றது 174.3 ஆகவும் இருக்கலாம். 174இல் ஒரு பீற்றின் நீளம் 0.345 செக்கன்தான். அரை பீபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீற் என்ற கணக்கு) வித்தியாசம் இருந்தால், 16 பார் (ஒரு பார் என்றால் நாலு பீற்) ஓடி முடியும்போது, அதாவது 22 செக்கனில், இரண்டுக்கும் இடையில் 60 மில்லிசெக்கன் விழுந்துவிடும். அதுதான் அந்த டடக்.

கிக்கை, அதாவது பெரிய ட்ரம்மின் "தும்" அடியைப் பின்தொடராதீர்கள். ட்ரம் அன்ட் பேஸில் கிக் ஒழுங்கான இடங்களில் விழாது. முதல் பீற்றில் ஒன்று, மூன்றாவது பீற் தாண்டி அரைப் பீற்றில் இன்னொன்று. கூரான "டக்" அடியான ஸ்னேர்தான் 2ஆம் பீற்றிலும் 4ஆம் பீற்றிலும் அசையாமல் நிற்கும். ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் வெளிச்சத்தம். இரண்டு ஸ்னேரும் ஒரே அடியாகக் கேட்கும்வரை பாருங்கோ. முந்துகிறதா பிந்துகிறதா பிடிபடாவிட்டால், துணிந்து ஒரு பக்கம் தள்ளுங்கோ. டடக்கின் இடைவெளி கூடினால் மற்றப் பக்கம் தள்ளவேண்டும் என்று தெரிந்துவிடும்.

தட்டைக் கையால் தள்ளுவது அந்த நேரத்து இடைவெளியை மட்டும்தான் மூடும். வேகத்தைத் திருத்துவது பிற்ச் ஃபேடர். ஒரே பக்கம் இரண்டு தரம் தள்ளவேண்டி வந்தால், மூன்றாம் தரம் தள்ளாமல் ஃபேடரை அந்தப் பக்கம் மயிரிழை நகர்த்துங்கோ. பழைய டெக்னிக்ஸ் 1200 எம்கே2 என்றால் பூச்சியத்தில் ஃபேடர் "கிளிக்" என்று பிடித்துக்கொள்ளும். அதற்குப் பக்கத்தில் நுட்பமாக நகர்த்துவது கஷ்டம். இரண்டு தட்டையும் +1 சதவீதம் அளவுக்கு ஏற்றி வைத்து வேலை செய்தால் அந்தத் தொல்லை இல்லை.

மல்லாவி: எனக்கு பீற் விலகுறதே இல்லை. எண்டாலும் மிக்ஸ் ஏதோ பிழையாத்தான் கேக்குது.

பீற் சேர்ந்தும் பந்தி சேரவில்லை. இந்த இசை 16 பார் பந்திகளாகக் கட்டப்பட்டது. 16 பார் 22 செக்கன், 32 பார் 44 செக்கன், 64 பார் 88 செக்கன். ஒவ்வொரு பந்தியின் தலையிலும் புதிதாக ஏதாவது நுழையும், இல்லாவிட்டால் ஏதாவது விழும். ஒரு பாட்டின் பந்தி நடுவில் மற்றப் பாட்டின் பந்தி தொடங்கினால், அறியாதவனுக்கும் உடம்பில் இடறும். பீற் சேர்ப்பதை எந்தப் பெட்டியும் செய்துதரும். பந்தி அறிவதைத்தான் நான் மிக்சிங் என்பேன்.

கணக்கு இப்படி. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் ட்ரொப் (ட்ரம்மும் பேஸும் முழுதாக விழும் பகுதி) 64 பார் நீளம். அடுத்த பாட்டின் இன்ட்ரோவும் (தொடக்கப் பகுதியும்) 64 பார். முதற்பாட்டின் ட்ரொப் விழும் அந்த ஒன்றாம் பீற்றிலேயே இரண்டாவது பாட்டை விட்டுவிடுங்கோ. முதற்பாட்டின் ட்ரொப் முடியும் இடத்தில் இரண்டாவது பாட்டின் ட்ரொப் தானாக வந்து விழும். இன்ட்ரோ 48 பார்தான் என்றால் 16 பார் பொறுத்து விடவேண்டும். 32 என்றால் 32 பொறுத்து.

இதற்கு உங்கள் தட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். உறையின் மூலையில் ஒரு சின்னக் கடதாசி ஒட்டி மூன்று விஷயம் எழுதுங்கோ: பீபிஎம், இன்ட்ரோ எத்தனை பார், ட்ரொப் எத்தனை பார். நடுலேபலில், முதல் கிக் விழும் நேரத்தில் ஊசிக்கு நேரே வரும் இடத்தில், சின்ன ஸ்டிக்கர் ஒன்று. இருட்டிலும் தட்டை அந்த இடத்துக்கே திருப்பி நிறுத்தலாம்.

புதுக்குடியிருப்பு: டபுள் ட்ரொப் எப்பிடிச் செய்யிறது? செய்தா அம்ப் சிவப்பில போய் நிக்குது.

இங்கிலாந்து டீஜே ஆன்டி சியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட வித்தை அது. மூன்று டெக்கில் (தட்டு ஓட்டும் கருவியில்) வேலை செய்பவர், 1992இல் ராம் ரெக்கோட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இரண்டு பாட்டின் ட்ரொப்பும் ஒரே பீற்றில் விழவேண்டும். ஆகவே, ட்ரொப்புக்கு இரண்டிலும் ஒரே அளவு பார் மிச்சமிருக்கும் இடத்தில் இரண்டாவதை விடவேண்டும். முதலாவதின் இன்ட்ரோ 64, இரண்டாவதின் இன்ட்ரோ 32 என்றால், முதலாவதின் 33ஆம் பாரின் ஒன்றாம் பீற்றில் விடுங்கோ.

சிவப்பு ஏன்? ஒரே அளவு சத்தமான இரண்டு பாட்டு சேர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய 3 டெசிபெல் ஏறும். கிக் கிக்கோடு சரியாக ஒன்றினால் அந்த அடியில் 6 வரை போகும். ட்ரொப்புக்கு முன்னமே மிக்சரில் இரண்டு பாட்டின் சத்த ஃபேடரையும் கொஞ்சம் இறக்கி, ஒன்றின் லோவை (பேஸ் பகுதியை) அதன் குமிழால் முழுதாக வெட்டிவையுங்கோ. பிறகு எட்டு அல்லது 16 பாருக்கு ஒரு தரம், பந்தித் தலையில் மட்டும், லோவை மாற்றிக் கொடுக்கலாம்.

எல்லாச் சோடியும் சரிவராது. மெலடி உள்ள ஒன்று, ட்ரம்மும் வெறும் பேஸ் அடியும் உள்ள ஒன்று என்று சேருங்கோ. இரண்டிலும் பாடகர் இருந்தால் கைவையாதீர்கள். 32 பாருக்கு மேல் இழுக்காமல் ஒன்றை எடுத்துவிடவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு மூன்று தரம் போதும் என்பது என் கருத்து. அதற்கு மேலே போனால் சனத்துக்கு அது வெறும் சத்தம்.

வவுனியா: லோவை ஏன் வெட்டவேணும்? ரெண்டு பேஸும் சேர்ந்தா நல்லா அதிரும்தானே?

அதிராது, ஆளையாள் தின்னும். ஒரு பாட்டின் அடி பேஸ் எஃப் சுரம், 43.65 ஹேர்ட்ஸ். மற்றது எஃப் ஷார்ப், 46.25. இரண்டும் ஒன்றாக ஓடினால் வித்தியாசமான 2.6 ஹேர்ட்ஸில் சத்தம் கூடிக் குறையும். செக்கனுக்கு இரண்டு மூன்று தரம் ஊதி ஊதி அடங்கும். சுரம் ஒன்றானாலும், ஒரு அலை மேலே போகும்போது மற்றது கீழே போனால் பேஸ் காணாமல் போய்விடும். ஸ்பீக்கர் கோன் மட்டும் வீணாக ஆடும்.

புதுப் பாட்டை லோ முழுதாக இறக்கி, மிட்டை (நடுச்சத்தத்தை) சற்றுக் குறைத்து உள்ளே கொண்டுவாருங்கோ. பந்தித் தலையில் ஒரு கை பழையதின் லோவை இறக்க, மறு கை புதியதின் லோவை ஏற்றவேண்டும், ஒரே பீற்றுக்குள். மெல்ல மெல்ல மாற்றினால் நடுவில் இரண்டும் அரைகுறையாகக் குழம்பும். சில மிக்சரில் லோ முழுதாக வெட்டுப்படாது, மிச்சம் கொஞ்சம் கசியும். உங்களுடையது எது என்று வீட்டில் பேஸ் பாட்டொன்றைப் போட்டு முன்னமே பாருங்கோ.

மாங்குளம்: கலியாண வீட்டில பைலாவும் டப்பாங்குத்தும் போட்டாத்தான் ஆடுவினம். அதிலயிருந்து ட்ரம் அன்ட் பேஸுக்கு எப்பிடிப் போறது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கோயிலில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சுலபம்.

பல பைலாவும் டப்பாங்குத்தும் திஸ்ர நடை: தகிட, தகிட. ட்ரம் அன்ட் பேஸ் சதுஸ்ரம்: தகதிமி, தகதிமி. பைலா 116இல் ஓடினால், நிமிடத்துக்கு 116 தகிட, மொத்தம் 348 அட்சரம். ட்ரம் அன்ட் பேஸ் 174இல் ஓடும்போது அதன் பாதி வேகம் 87. 87 தகதிமியும் அதே 348 அட்சரம். அட்சரத்தின் வேகம் மாறவில்லை, கட்டுத்தான் மூன்றிலிருந்து நாலாகிறது. தவில்காரர் நடை மாற்றுவது போலத்தான். ஆகவே பைலாவின் பீபிஎம்மை ஒன்றரையால் பெருக்குங்கோ. 113க்கும் 118க்கும் இடையில் இருந்தால் 170 முதல் 177 வரை வரும், பிற்ச்சால் எட்டலாம்.

பைலாவின் பந்தி ஒன்றின் கடைசி நாலு பாரில் அதன் லோவை வெட்டி, ஹைஹாட் அல்லது ஷேக்கர் மட்டும் உள்ள இன்ட்ரோவை மேலே ஏற்றுங்கோ. அட்சரம் அட்சரத்தோடு ஒட்டும். எட்டுப் பாருக்குள் பைலாவை ஒரேயடியாக எடுத்துவிடுங்கோ. இன்ட்ரோவிலேயே கிக்கும் ஸ்னேரும் இருந்தால் இந்த வழி வேண்டாம். மூன்றின் அழுத்தமும் நாலின் அழுத்தமும் முட்டி, ஆடுபவர்களின் கால் தடுக்கும்.

87க்குக் கிட்ட ஓடும் சதுஸ்ர நடைப் பாட்டு என்றால் நேரே சேர்க்கலாம். 85இலிருந்து 87க்கு 2.4 சதவீதம்தான். தட்டில் வேகத்தோடு சுருதியும் ஏறும் என்பதை மறவாதீர்கள்; 6 சதவீதம் ஏற்றினால் அரைச் சுரம். 130இல் ஓடும் பாட்டை 174க்கு இழுக்க முயலவேண்டாம். பந்தி முடிவில் எக்கோ போட்டு வெட்டி, ட்ரம் இல்லாத இடத்திலிருந்து புதுப் பாட்டைத் தொடங்குங்கோ.

முல்லைத்தீவு: மாமா கனடாவிலயிருந்து ரெண்டு டேர்ன்டேபிள் அனுப்பியிருக்கிறார். அப்பிடியே குத்தலாமோ?

குத்தவேண்டாம். கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. பின்தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கோ. சில மொடலில் வோல்ற்றேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும்; பிளற்றரை (தட்டு வைக்கும் சுழலும் தகட்டை) கழற்றினால் கீழே தெரியும். இல்லாவிட்டால் ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். டேர்ன்டேபிள் அதிகம் இழுக்காது, இரண்டுக்கும் 100 விஏ தாராளம். ஜப்பானிலிருந்து வந்தது என்றால் 100 வோல்ற். அதற்கு வேறு ட்ரான்ஸ்ஃபோமர்.

மெல்லிய தனிவயர் ஒன்று வரும். அதை மிக்சரின் கிரவுண்ட் ஆணியில் முறுக்காவிட்டால் "ம்ம்ம்" என்று இரையும். மிக்சரின் உள்ளீட்டுச் சுவிட்ச் ஃபோனோவில் இருக்கவேண்டும். லைனில் இருந்தால் பேஸே இல்லாமல் சன்னமாகக் கேட்கும். ஊசி பூட்டிய கம்பியைச் சமநிலையில் மிதக்கவிட்டு, பாரம் காட்டும் எண்ணைப் பூச்சியமாக்கி, பிறகு ஊசியின் பாரத்தை வையுங்கோ. பெரும்பாலான டீஜே ஊசிக்கு 3 முதல் 4 கிராம். ஊசி தாவுகிறதே என்று மேலே காசு வைத்தால் தட்டின் பள்ளம் தேயும்.

கிளிநொச்சி: பலகை மேடையில தட்டு வைச்சா பேஸ் அடிக்கேக்க "ஊ" எண்டு கத்துது.

ஸ்பீக்கரின் அதிர்வு மேடை வழியாக ஊசிக்கு ஏறி, அங்கிருந்து திரும்ப ஸ்பீக்கருக்குப் போகிறது. மேசையைப் பலகையில் வையாமல், மேடைக்குப் பக்கத்தில் தரையில் சீமெந்துக் கல் அடுக்கி வையுங்கோ. மேசைக்கு மேலே அரைவாசி காற்றடித்த சைக்கிள் ரியூப், அதன்மேல் கனத்த சீமெந்துத் தகடு, அதன்மேல் டேர்ன்டேபிள். பேஸ் பெட்டிகளைத் தட்டுக்கு நேரே வையாதீர்கள்.

நிகழ்ச்சிக்கு முன் ஒரு சோதனை: நிற்கும் தட்டில் ஊசியை வைத்து, ஓட்டப்போகும் அளவுக்கு சத்த ஃபேடரை ஏற்றி, டேர்ன்டேபிளின் உடலை விரலால் மெல்லத் தட்டுங்கோ. "தும்" என்று அடங்கினால் சரி. நீண்டு வளர்ந்தால் இன்னும் வேலை இருக்கிறது. கிராஸ்ஓவரில் (சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும் கருவியில்) 30 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

ஓமந்தை: ஜெனரேற்றரில ஓடினா வேகம் மாறுமோ?

குவார்ட்ஸ் பூட்டுள்ள நேரடி மோட்டாரில் மாறாது. மின்சாரத்தின் ஹேர்ட்ஸை நம்பி ஓடும் பழைய பெல்ட் மொடலில் மாறும். ஆனால் பேஸ் அடிக்கும்போது சின்ன ஜெனரேற்றரில் வோல்ற்றேஜ் இறங்கும். டெக், மிக்சர், லப்டொப் மூன்றையும் யூபிஎஸ் ஒன்றில் குத்துங்கோ, அம்பைக் குத்தவேண்டாம்.

பரந்தன் (திரும்பவும்): சிங்க் பட்டனை அமத்தலாமோ?

இரண்டு பாட்டின் வேகத்தையும் மென்பொருளே சேர்த்துத்தரும் பட்டன் அது, அமத்தலாம். ஆனால் மென்பொருள் சில வேளை 174ஐ 87 என்று பிடிக்கும், கிரிட்டை (பீற் விழும் இடங்களைக் காட்டும் கோடுகளை) அரைப் பீற் தள்ளியும் வைக்கும். காதால் பிடிக்கத் தெரியாதவர் அந்த நேரம் மேடையில் தவித்துப்போவார்.

துணுக்காய்: சோளகம் தொடங்கினா தட்டெல்லாம் செம்மண். கிணத்துத் தண்ணியில கழுவலாமோ?

வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு கூட. காய்ந்ததும் பள்ளத்துக்குள் படிந்து பொரியும். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கோ, அசிட் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். ஒரு லீற்றருக்கு இரண்டு துளி பாத்திரம் கழுவும் திரவம். முதலில் உலர்ந்த பிரஷால் மண்ணை எடுக்கவேண்டும். மண்ணோடு ஈரத்துணி போட்டால் கீறும். பிறகு மென்துணியால், பள்ளம் போகும் வழியே வட்டமாக. லேபல் நனையக்கூடாது. கடைசியாகச் சோப்பில்லாத டிஸ்டில்ட் வாட்டரால் ஒரு தரம் துடைத்து, நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கோ. வெயிலில் பூட்டிய வானுக்குள் தட்டுப் பெட்டியை விடவேண்டாம். 60 பாகை அளவில் வினைல் வளையத் தொடங்கும், வளைந்தது பிறகு சரியாக நிமிராது.