பதினேழு வயதில் லேசிக் வேண்டாம், தம்பி

கேள்வி: சூலூர் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். பிளஸ் டூ படிக்கிறேன், வயது 17. எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே தேஜஸ் போர் விமானம் பறப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதிப் போர் விமானி ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. போன மாதம் கரும்பலகை மங்கலாகத் தெரிந்ததால், கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் பரிசோதனை செய்துகொண்டேன். வலது கண் மைனஸ் 0.5, இடது கண் மைனஸ் 0.75 என்றார்கள். பயிற்சி மையத்தில் உடன் படிக்கும் அண்ணன் ஒருவர், “உடனே கண்ணுக்கு லேசிக் லேசர் சிகிச்சை செய்துகொள், யாரிடமும் சொல்லாதே, கண்டுபிடிக்க முடியாது” என்கிறார். ஐந்து வயதுவரை எனக்கு வீசிங் (மூச்சிழுப்பு) இருந்தது. அதையும் மறைக்கச் சொல்கிறார். அம்மா தினமும் காரட் சாறு தருகிறார். என் கனவு முடிந்துவிட்டதா, டாக்டர்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கனவு முடியவில்லை. அந்த அண்ணன் சொல்வதைக் கேட்டால்தான் முடியும்.

கண்ணாடிக் கடைச் சீட்டில் இருக்கும் எண்ணை உங்கள் கண்ணின் உண்மையான பவர் என்று இப்போதைக்கு நம்ப வேண்டாம். அதற்குக் காரணம் இருக்கிறது. நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், அருகில் இருப்பதைப் பார்க்கும்போது தடிமனாகும். தொலைவில் பார்க்கும்போது தளரும். இதைச் செய்வது லென்ஸைச் சுற்றியிருக்கும் ஒரு சிறு தசை. 33 சென்டிமீட்டர் தூரத்தில் புத்தகத்தை வைத்துப் படித்தால், அந்தத் தசை மூன்று டயாப்டர் (லென்ஸின் பவரை அளக்கும் அலகு) அளவுக்கு உழைக்க வேண்டும். கைபேசியை 20 சென்டிமீட்டரில் பிடித்தால் ஐந்து டயாப்டர். பிளஸ் டூ பாடம், நுழைவுத் தேர்வுப் பயிற்சி, இரவில் கைபேசியில் காணொளி என்று ஒரு நாளில் பத்து மணி நேரம் இப்படிப் போனால், அந்தத் தசை இறுகிப்போய், தொலைவைப் பார்க்கும்போதும் தளர மறுக்கும். அப்போது கரும்பலகை மங்கும். கண்ணில் உண்மையான கிட்டப்பார்வை இல்லாமலேயே கிட்டப்பார்வை இருப்பதுபோலத் தெரியும். பொய்க் கிட்டப்பார்வை என்று இதைச் சொல்லலாம்.

கம்ப்யூட்டர் பரிசோதனை இதில் ஏமாந்துபோகும். கருவிக்குள் தெரியும் படத்தை ‘இது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது’ என்று கண் தானாகவே எண்ணிக்கொள்ளும்; தசை இன்னும் கொஞ்சம் இறுகும்; சீட்டில் மைனஸ் கூடுதலாக அச்சாகும். இளம் வயதினரிடம் இது மிகச் சாதாரணம். ஒருமுறை இதே பதினேழு வயதில் ஒரு மாணவன், மைனஸ் 1 என்ற சீட்டோடும் அழுத முகத்தோடும் என்னிடம் வந்தான். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது பிளஸ் 0.25 வந்தது. அந்தச் சீட்டை அவன் அப்பா என் மேசையிலேயே கிழித்துப் போட்டார்.

அந்தச் சொட்டு மருந்துதான் உங்களுக்கும் தேவை. சைக்ளோபென்டோலேட், ஹோமட்ரோபின் போன்ற மருந்துகள் அந்தத் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தி வைக்கும். அந்த நிலையில் கண் மருத்துவர் ரெட்டினோஸ்கோப்பில், அதாவது கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவரை அளக்கும் கருவியில், பார்த்துச் சொல்வதே உங்கள் உண்மையான பவர். மருந்தின் வேகம் குறைந்த பிறகு வேறொரு நாளில் எழுத்துப் பலகையை வைத்து மறுபடியும் சோதிப்பார்கள். அதற்கு முன்பே கடைக்காரர் சொன்ன கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டால், இறுகிய தசை இறுகியபடியே பழகிவிடும்.

இனி, விமானப்படை என்ன கேட்கிறது என்று பார்ப்போம். விமானிப் பிரிவுக்கு ஒரு கண்ணில் 6/6 (இயல்பான முழுப் பார்வை), மற்றொன்றில் 6/9 (அதைவிடச் சற்றுக் குறைவு). அந்த 6/9 கண்ணும் கண்ணாடி போட்டால் 6/6 ஆக வேண்டும். இந்தச் சலுகைகூடத் தூரப்பார்வை, அதாவது பிளஸ் பவர் உள்ளவர்களுக்குத்தான். எழுத்துப் பலகையில் சோதிக்கும்போது வெளிப்படும் மைனஸ் பவருக்கு, அதாவது கிட்டப்பார்வைக்கு, இடமே இல்லை. ரெட்டினோஸ்கோப் பரிசோதனையில் மட்டும் மைனஸ் 0.5 வரை பொறுத்துக்கொள்வார்கள். ஆகவே உங்கள் சீட்டில் இருக்கும் அந்த அரை டயாப்டர், முக்கால் டயாப்டர் எல்லாம் மற்றவர்களுக்கு அற்பம், உங்களுக்கு அப்படியில்லை. கடைச் சீட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

“கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஓட்டவில்லையா, பயணிகள் விமானம் ஓட்டவில்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டுகிறார்கள். போர் விமானத்தின் கதை வேறு. தலா 900 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வந்தால், நொடிக்கு 500 மீட்டர் நெருங்குகின்றன. ஐந்து கிலோமீட்டர் தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது பத்தே நொடியில் மூக்குக்கு முன்னால் நிற்கும். போதாக்குறைக்கு, மேகமும் மலையும் இல்லாத வெறும் நீல வானத்தில் பார்வை பற்றிக்கொள்ள எதுவும் இல்லாததால், நல்ல கண்கூட ஓரிரு மீட்டர் தூரத்திலேயே குவிந்து நின்றுவிடும். அந்த நேரத்தில் எந்த விமானிக்கும் தற்காலிகக் கிட்டப்பார்வைதான். ஏற்கெனவே மைனஸ் உள்ளவருக்கு அது இரட்டிப்பு நஷ்டம்.

அடுத்தது புவியீர்ப்பு விசையின் பெருக்கம். விமானத்தைச் சட்டென்று வளைக்கும்போது ஒன்பது ‘ஜி’ வரை, அதாவது இயல்பான எடையைப்போல ஒன்பது மடங்கு வரை, போகும். ஒன்றரைக் கிலோ ஹெல்மெட் பதின்மூன்றரைக் கிலோவாகக் கனக்கும். மூக்கின் மேலிருக்கும் கண்ணாடி சும்மா இருக்குமா? தலையிலிருந்து ரத்தம் கீழே இறங்கும்போது முதலில் அடிவாங்குவதும் கண்தான். கண்ணுக்குள் இயல்பாகவே ஓர் அழுத்தம் இருப்பதால், மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே விழித்திரைக்குப் போவது நின்றுவிடும். பயிற்சியும் பாதுகாப்பு உடையும் இல்லாத ஒருவருக்கு நான்கு ‘ஜி’ அளவிலேயே பார்வை சாம்பல் நிறமாகி ஓரங்கள் மறையத் தொடங்கும், பிறகு முழு இருட்டு, அதற்கும் பிறகு மயக்கம். கண் விஷயத்தில் விமானப்படை இவ்வளவு கறாராக இருப்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

இப்போது லேசிக். அண்ணன் சொன்ன இந்த ஓர் அறிவுரையில் இரண்டு பெரிய தவறுகள் இருக்கின்றன.

முதலாவது, ‘கண்டுபிடிக்க முடியாது’ என்பது. லேசிக் சிகிச்சையில் கருவிழியின் மேல்பகுதியை மெல்லிய மூடிபோலத் திறந்து, அடியில் இருக்கும் திசுவை லேசரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் படுக்க வைப்பார்கள். செதுக்கிய கருவிழி மெலிந்திருக்கும். அதன் வளைவும் மாறியிருக்கும். கருவிழியின் வரைபடம் எடுக்கும் கருவி சில நொடிகளில் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிளவு விளக்கு என்ற கண் நுண்ணோக்கியில் பார்த்தால் மூடியின் விளிம்புகூடத் தெரியும். இரவில் மாட்டிக்கொண்டு தூங்கி, பகலில் கழற்றிவிடும் கடின லென்ஸ் இருக்கிறதே, கருவிழியைத் தற்காலிகமாக அழுத்தி வைக்குமே, அதை வைத்து ஏய்க்கப் பார்ப்பதற்கும் இதே கதிதான். பெங்களூரில் உள்ள விமானப்படை விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள்.

இரண்டாவது தவறு இன்னும் மோசமானது. என்.டி.ஏ. வழியாக விமானப்படைக்கு வருபவர்களிடம் லேசிக் செய்த கண்ணை ஏற்றுக்கொள்வதில்லை. பட்டம் முடித்தபின் ஏ.எப்.கேட் (விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வு), சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு) வழியாக வருபவர்களிடம் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் நிபந்தனைகள் உண்டு. இருபது வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது. செய்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், அதன்பின் பவர் மாறாமல் நிலைத்திருக்க வேண்டும். கருவிழியின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). சாதாரணமாக அது 540 மைக்ரான் அளவில் இருக்கும். கண்ணின் நீளத்துக்கும் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று பதினேழு வயதில் செய்துகொண்டால் என்.டி.ஏ. கதவு அன்றே மூடிக்கொள்ளும். நான்கு ஆண்டு கழித்துப் பட்டத்தோடு போய் நின்றால், ‘இருபதுக்கு முன் செய்ததா?’ என்று அந்தக் கதவும் மூடிக்கொள்ளும். கண்ணில் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தாலே ஒரு வழி மிஞ்சியிருக்கும். அதோடு, இந்த வயதில் கண்விழி இன்னும் நீண்டுகொண்டிருக்கலாம். ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறக்குறைய இரண்டரை, மூன்று டயாப்டர் மைனஸ் கூடும். அறுவைச் சிகிச்சை செய்த பிறகும் பவர் திரும்பி வரலாம். பதினெட்டு முடியாத பையனுக்கு லேசிக் செய்ய ஒப்புக்கொள்ளும் இடம் எதுவாக இருந்தாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சொட்டு மருந்துக்குப் பிறகும் மைனஸ் 0.75 நின்றால்? என்.டி.ஏ. வழியாக விமானிப் பிரிவு கிடைக்காது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை. அப்போது மூன்றாண்டுப் பட்டம் ஒன்றை அறுபது சதவீத மதிப்பெண்ணோடு முடியுங்கள். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருப்பீர்கள், அது அவசியம். இருபது வயதுக்குமேல் பவர் நிலைத்துவிட்டால், கருவிழி இடம்கொடுத்தால், அப்போது லேசிக் பற்றிப் பேசலாம். ஏ.எப்.கேட் விமானிப் பிரிவுக்கு வயது வரம்பு 20 முதல் 24 என்பதால் அவகாசம் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள் என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை வரி வரியாகப் படியுங்கள். கண்ணாடியோடே பறந்தால் போதும் என்ற மனம் வந்தால், பயணிகள் விமானம் ஓட்டும் வேலை இருக்கவே இருக்கிறது.

அம்மாவின் காரட் சாற்றுக்கு வருவோம். குடியுங்கள், நல்லதுதான், ஆனால் பவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் காரட் நம்பிக்கைக்கே விமானப்படைக் கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜான் கன்னிங்காம் என்ற பிரிட்டிஷ் விமானி இரவில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தியபோது, காரட் தின்று கண் கூர்மையானதுதான் காரணம் என்று பிரிட்டன் பரப்பிவிட்டது. விமானத்துக்குள் ராடார் பொருத்தியிருந்ததை மறைப்பதற்காகக் கட்டிய கதை அது. எண்பது ஆண்டுக்கு மேலாகியும் நம் வீட்டு மிக்ஸியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கண் பயிற்சிகளும் அப்படித்தான். இறுகிய தசைக்கு ஓய்வு கிடைக்கலாம். நீண்டுவிட்ட கண்விழி அதனால் சுருங்காது. சாற்றுக்குப் பதில், மாலையில் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கும்போதே மைதானத்துக்குப் போங்கள். கைபேசியைக் கையை நீட்டிய தூரத்தில் பிடியுங்கள்.

வீசிங் விஷயம். திரும்பத் திரும்ப வரும் ஆஸ்துமா நிராகரிப்புக்குக் காரணமாகும் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் சளி பிடித்தால் மட்டும் இழுக்கும் சிறு குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பள்ளி செல்லும் வயதில் அது தானாகவே நின்றுபோகிறது. உங்களுக்கும் அப்படி இருந்திருக்க வாய்ப்பு அதிகம். நெஞ்சக மருத்துவரிடம் போய் ஸ்பைரோமெட்ரி (மூச்சுத் திறன் பரிசோதனை) எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் குழு முன்னால் உங்கள் நோய் வரலாற்றை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு ஆண்டாக மூச்சுத் திணறல் இல்லை, மருந்தும் இல்லை என்பதை அறிக்கையோடு எழுதினால் அவர்கள் எடைபோட்டுப் பார்ப்பார்கள். மறைத்துவிட்டு, பின்னர் பயிற்சியில் இருக்கும்போது வெளிப்பட்டால் பேசவே வாய்ப்பிருக்காது. ஆக்சிஜன் முகமூடிக்குள் முதல் இழுப்பு வந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்த அண்ணனிடம் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: நிறப்பார்வை. சிவப்பும் பச்சையும் குழம்பும் குறைபாடு பெரும்பாலும் அம்மா வழியில் மகனுக்கு வருவது. அதற்குச் சிகிச்சை கிடையாது; பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரிய நேர்காணலில் தேறி, அதன்பின் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் தெரிந்துகொண்டு திரும்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உயரத்தையும் அளந்துவிடுங்கள். குறைந்தது 162.5 சென்டிமீட்டர் வேண்டும். கால், தொடை, உட்கார்ந்த உயரம் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. தொடை 64 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால், ஆபத்து நேரத்தில் விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்படும்போது முழங்கால் கருவிப் பலகையில் அடிபடும். உயரம் கூட்டும் பவுடர் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஆக, இந்த வாரம் ஒரு கண் மருத்துவமனைக்குப் போய், “சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்க்க வேண்டும், நிறப்பார்வையும் பார்க்க வேண்டும், விமானப்படைக்காக” என்று சொல்லுங்கள். மருந்து விட்டபின் அன்று முழுக்கப் புத்தகம் மங்கும், வெயில் கூசும். மறுநாள் பள்ளித் தேர்வு இருந்தால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். சைக்கிளில் போகாமல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.