ஸ்ட்ராங் பிட்டர் ஏல்: கசப்பா, கெட்டுப்போனதா?

நண்பரே, காரைக்காலில் வாங்கிய ஸ்ட்ராங் பிட்டர் ஏலில் (இங்கிலாந்து பாணி கசப்பு பீர்) நுரையே இல்லை, கசப்பு மட்டும்தான், அட்டை வாசம் வேறு என்கிறீர்கள். நுரை குறைவது இந்த வகையின் இயல்பு. கசப்பு 30–50 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு) வரை போகும். ஜில்லென்று குடித்தால் அது மட்டுமே நிற்கும், மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) கேரமல் இனிப்பு அமுங்கிவிடும். 10–13 டிகிரி வேண்டும். நம்மூர் வெக்கையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 15–20 நிமிடம் போதும். பாதி கிளாஸ் ஊற்றி, சுழற்றி, முதலில் முகருங்கள். மீன்குழம்பு சாப்பிட்ட வாயோடு வேண்டவே வேண்டாம்!

வெண்ணெய் வாசம் லேசாக இருந்தால் மன்னிக்கலாம். புளித்துப் பொங்கினால் கிருமி, கொட்டிவிடுங்கள். ஆனால் நனைந்த அட்டை வாசம் ஆக்சிஜன் வேலை. சூட்டில் கிடந்த சரக்கில் சீக்கிரம் வரும். எவ்வளவு குளிர வைத்தாலும் போகாது. அடுத்த முறை தயாரிப்புத் தேதி பார்த்து, கடை ஃப்ரிட்ஜில் இருந்ததையே கேளுங்கள்.